கிறிஸ்துமஸ் பலகாரம்: முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும் உதிராம போடுறது எப்படி

நாகர்கோவில் பக்கம் எங்க வீடுகள்ல டிசம்பர் 1 ஆனா வாசல்ல ஸ்டார் ஏறிடும், ஆனா அடுப்படியில வேலை சூடு பிடிக்கிறது 20ஆம் தேதிக்கு மேலதான். நான் சென்னைக்கு வந்த முதல் வருஷம் 24ஆம் தேதி ஒரே நாள்ல எல்லாத்தையும் போட்டுடலாம்னு உக்காந்தேன், ராத்திரி 1 மணிக்கும் எண்ணெய்ச்சட்டி முன்னாடிதான் நின்னேன், விடியக்காலை 4 மணி ஆராதனையில பிரசங்கம் ஆரம்பிச்சது தெரியும், முடிஞ்சது தெரியாது. அதனால மொதல்ல தேதிய பிரிச்சுக்கோங்க. 21 முந்திரிக்கொத்துக்கு உருண்டை பிடிக்க, 22 அதை பொரிக்க, 23 அச்சு முறுக்கு. 24 அன்னிக்கு எண்ணெய்ச்சட்டி அடுப்புல ஏறவே கூடாது.

முந்திரிக்கொத்துன்னு சொன்னதும் வெளியூர்க்காரங்க முந்திரிப்பருப்பு எவ்வளவு போடணும்னு கேப்பாங்க. ஒண்ணு கூட கிடையாது, இது பச்சைப்பயறு உருண்டைய மாவுல முக்கிப் பொரிக்கிற இனிப்பு! மலையாளத்துல முந்திரின்னா திராட்சை, எங்க மாவட்டம் 1956 வரைக்கும் திருவிதாங்கூர் பக்கம்தான இருந்துச்சு, மூணு மூணா ஒட்டிப் பொரிச்சா திராட்சைக் கொத்து மாதிரி இருக்கும், பேருக்கு அதுதான் காரணம்னு எங்க ஊர்ல சொல்லுவாங்க. யாழ்ப்பாணத்துக்காரங்க பயத்தம் பணியாரம்னு செய்றதும் கிட்டத்தட்ட இதேதான்.

அரை கிலோ பச்சைப்பயறை சின்ன தீயில வறுங்க. வாசம் வந்துச்சுன்னு உடனே எறக்கிடாதீங்க, பச்சை நிறம் மங்கி அங்கங்க செவக்கணும், அதுக்கு பதினஞ்சு நிமிஷமாவது ஆகும். ஆறினதும் மிக்சியில ஒரு சுத்து விட்டு உடைச்சு, முறத்துல போட்டு தோலை ஊதிட்டு, மறுபடி பொடிங்க. ரவை மாதிரி நறநறன்னு இருக்கணும், நைசா மாவாக்கிட்டா திங்கும்போது வாய்ல அப்பிக்கும். ஒரு முழுத் தேங்காயத் திருவி ஈரம் போக பொன்னிறமா வறுத்துக்கோங்க, இங்க சோம்பேறித்தனம் பட்டா நாலாம் நாளே சிக்கு வாடை அடிக்கும். 50 கிராம் எள்ளை படபடன்னு பொரியிற வரை வறுத்து, ஆறு ஏலக்காயும் ஒரு துண்டு சுக்கும் பொடிச்சு எல்லாத்தையும் பயறோட கலந்து வைங்க.

அடுத்தது பாகு, பாதிப் பேர் கோட்டை விடுறது இங்கதான். 400 கிராம் வெல்லத்துல முக்கால் டம்ளர் தண்ணி ஊத்தி கரைச்சு, மண்ணு போக வடிகட்டி திரும்ப கொதிக்க விடுங்க. கருப்பட்டி பாதி வெல்லம் பாதி போட்டா ருசியே வேற. ரெண்டு விரலுக்கு நடுவுல தொட்டுப் பிரிச்சா ஒரு கம்பி இழுக்கணும், அவ்வளவுதான், அதுக்கு மேல போனா உருண்டை கல்லு, முன்னாடியே எறக்கினா உருண்டை பிடிச்சாலும் எண்ணெயில கரைஞ்சு ஓடிடும். பாகை கலவையில கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி கரண்டியால கிளறி, கை பொறுக்கிற சூடு இருக்கும்போதே சின்ன எலுமிச்சங்கா அளவு உருட்டணும். இது ஒத்தையா பண்ற வேலை இல்லைங்க, ஆறினா உதிரும், அதனால வீட்ல டிவி பாத்துட்டு இருக்கிற அத்தனை பேரையும் கூப்பிட்டு உக்கார வைங்க. உருட்டினதை தாம்பாளத்துல பரப்பி ராத்திரி முழுக்க அப்படியே விடுங்க, இறுகட்டும்.

மறுநாள் ரெண்டு கப் பச்சரிசி மாவு, ரெண்டு ஸ்பூன் மைதா, உப்பு, ஒரு சிட்டிகை மஞ்சள் போட்டு பஜ்ஜி மாவை விட கொஞ்சம் இளக்கமா கரைங்க. மூணு உருண்டைய சேத்து முக்கி நடுத்தர தீயில எண்ணெயில விடுங்க, விட்ட உடனே கரண்டியப் போட்டு கிண்டாதீங்க, மேல் மாவு வெந்து பிடிச்சதும் திருப்பணும். உள்ள இருக்கிறது ஏற்கெனவே வறுத்ததுதான், மேல் மாவு வெந்தா போதும், வெளிர் மஞ்சளா இருக்கும்போதே எடுத்துடலாம். ஒரு உருண்டை உடைஞ்சு எண்ணெயில கலந்துட்டா தீயைக் குறைச்சு வடிச்சு எடுத்துட்டு அப்புறம் தொடருங்க, இல்லன்னா அது கருகி அடுத்த ஈடு பூரா கரும்புள்ளியா வரும்.

அச்சு முறுக்குக்கு மாவு சுலபம், மாவுல முக்கி எண்ணெயில விடுற பூ வடிவ அச்சுதான் பாடாப்படுத்தும். புது அச்சுன்னா ஒரு ராத்திரி கஞ்சித்தண்ணியில ஊற வெச்சு கழுவித் துடைச்சு, அப்புறம் காஞ்ச எண்ணெயில பத்து நிமிஷம் கெடக்கட்டும். ரெண்டு கப் அரிசி மாவு, கால் கப் மைதா, முக்கால் கப் சீனி, ஒரு முட்டை, உப்பு, கறுப்பு எள்ளு, கெட்டித் தேங்காப்பால் சுமாரா ஒன்றரை கப், கட்டி இல்லாம தோசை மாவு பதத்துக்கு கரைச்சா சரி. சூடான அச்சை மாவுல முக்கால் உயரம் மட்டும் முக்கணும், மேல் விளிம்பை மாவு மூடிட்டா முறுக்கு கழண்டே வராது. எண்ணெயில வெச்சு ஒரு நொடி பொறுத்து லேசா உதறுங்க. மொதல் நாலஞ்சு எல்லாருக்கும் பிஞ்சுதான் வரும், புள்ளைங்களுக்கு அதுதான் வேணும். அதுக்கப்புறமும் ஒட்டுதுன்னா ஒண்ணு அச்சு சூடு பத்தல, இல்ல மாவு நீத்துப்போச்சு, ஒரு ஸ்பூன் அரிசி மாவு தூவிப் பாருங்க. சீனிய ஆசைக்கு அள்ளிப் போட்டா சீக்கிரம் கறுத்து மெத்துன்னு ஆயிடும்.

கேக்கு நான் கடையிலதான் வாங்குறேன், வெட்கமே இல்ல.

இதுக்கு நடுவுல இயேசு பிறந்த தொழுவம் மாதிரி வீட்ல வைக்கிற குடிலை மறந்துடாதீங்க. 17, 18 தேதியிலயே ஒரு தட்டுல மண்ணு பரப்பி கேப்பையோ கோதுமையோ தூவி தண்ணி தெளிச்சு வந்தா 24க்குள்ள பச்சைப்புல் ரெடி, பிளாஸ்டிக் புல் வாங்க வேண்டாம். கேரல் ரவுண்ட்ஸ் எங்க தெருவுக்கு ராத்திரி 11க்கு வரும், சில நாள் 2 மணிக்கும் வரும், அப்ப பாட வர்ற பசங்களுக்கு குடுக்க ஒரு டப்பா முறுக்கை தனியா எடுத்து வெச்சு வீட்டு ஆளுங்க கண்ணுல படாம ஒளிச்சிடுங்க.

பலகாரம் நல்லா ஆறின பிறகுதான் டின்ல அடைக்கணும், சூட்டோட மூடினா வேர்த்து நமத்துடும். முந்திரிக்கொத்து ரெண்டு வாரம் தாங்கும். 25 காலையில கோயில் முடிஞ்சு வந்ததும் தெருவுக்கு தட்டு போகணும், தீபாவளிக்கு அதிரசம் குடுத்துவிட்ட வீட்டுக்கு மொத தட்டு. அங்க இருந்து தட்டு திரும்பி வரும்போது கொஞ்சம் சீனியாவது போட்டுத்தான் அனுப்புவாங்க, எங்க பக்கம் வெறுந்தட்டு திருப்ப மாட்டாங்க, அதனால எந்தத் தட்டு எந்த வீட்டுக்குப் போச்சுன்னு குறிச்சு வைங்க, எங்க அம்மாவோட எவர்சில்வர் தட்டு ஒண்ணு போன வருஷம் போனது இன்னும் வரல.