மாற்று உறுப்பு பெற்றவர்கள் எதிர்ப்பாற்றல் தணிப்பு மருந்துகளை உட்கொள்ளும் முறை

மாற்றிப் பொருத்தப்பட்ட சிறுநீரகம் எத்தனை ஆண்டுகள் நன்றாக இயங்கினாலும், உடலின் வெள்ளையணுக்கள் அதனை அயற்பொருளாகவே கருதும். அவற்றின் தாக்குதலை வெவ்வேறு கட்டங்களில் தடுப்பதற்காகவே பெரும்பாலும் மூன்று மருந்துகள் சேர்த்துத் தரப்படுகின்றன. டாக்ரோலிமஸ், வெள்ளையணுக்களில் ஒருவகையான டி-அணுக்களில் உள்ள கால்சிநியூரின் என்னும் நொதியை முடக்கி, அவ்வணுக்களைப் பெருகத் தூண்டும் இன்டர்லூகின்-2 என்னும் புரதம் உருவாவதைக் குறைக்கிறது. மைக்கோஃபீனோலேட் அவ்வணுக்கள் பிளவுறத் தேவையான மூலப்பொருளின் உற்பத்தியைத் தடுக்கிறது. பிரெட்னிசோலோன் அழற்சியை அடக்குகிறது.

இவற்றுள் மிகுந்த கவனம் வேண்டுவது டாக்ரோலிமஸ். இரத்தத்தில் அதன் அளவு சற்றுக் குறைந்தால் உறுப்பு நிராகரிப்பும், சற்று மிகுந்தால் கைநடுக்கம், தலைவலி, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவையும் நேரலாம். காக்க வேண்டிய சிறுநீரகத்தையே அது கெடுக்கவும் கூடும் என்பதுதான் இம்மருந்தின் விந்தையான முரண். ஆகவே, நாளுக்கு இருவேளை உட்கொள்ளும் வகையைச் சரியாக 12 மணி நேர இடைவெளியில், உணவுக்கு முன்னரோ பின்னரோ என ஒரே ஒழுங்கில் உட்கொள்ளுங்கள். இரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்க்கும் நாளில் காலை மாத்திரையை வீட்டிலேயே விழுங்கிவிடாமல், கையோடு கொண்டுசென்று இரத்தம் கொடுத்தபின் உட்கொள்ளுங்கள். இல்லையெனில் முடிவு பொய்யாக உயர்ந்து காட்டும். ஒரு வேளை மருந்து தவறினால் அடுத்த வேளை இரட்டிப்பாக உட்கொள்ளக் கூடாது.

பம்ப்ளிமாஸ், கிரேப்ஃப்ரூட் பழங்களும், ஃபுளுகோனசோல் (பூஞ்சைத்தொற்றுக்கானது), கிளாரித்ரோமைசின் (நுண்ணுயிர்க்கொல்லி) போன்ற மருந்துகளும் டாக்ரோலிமஸின் அளவை உயர்த்தும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிடாயின் ஆகியவை அதனைத் தாழ்த்தும். வலிக்காக ஐபுபுரூஃபன், டைகுளோஃபெனாக் ஆகியவற்றைத் தாமாக வாங்கி விழுங்குவது சிறுநீரகத்துக்கு ஆகாது. வயிற்றுப்போக்கு நீடித்தால் உடனே மருத்துவரிடம் கூறுங்கள்: அது மைக்கோஃபீனோலேட்டின் பக்கவிளைவாக இருக்கலாம், டாக்ரோலிமஸின் அளவையும் அது கூட்டிவிடும். மைக்கோஃபீனோலேட் கருவுக்குத் தீங்கு செய்வதால், கருவுற எண்ணும் பெண்கள் முன்னதாகவே மருத்துவரிடம் பேசி மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

பிரெட்னிசோலோன் எலும்பை மெலியச் செய்யும், கண்புரையை உண்டாக்கும். ஆயினும் அதனைத் திடீரென நிறுத்துவது ஆபத்தானது. எதிர்ப்பாற்றல் தணிக்கும் இம்மருந்துகளால் தோல் புற்றுநோய் வாய்ப்பும் கூடுவதால் கடும் வெயிலைத் தவிர்ப்பதோடு, புதிய மச்சமோ ஆறாத புண்ணோ தென்பட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். உயிருள்ள கிருமிகளைக் கொண்ட தடுப்பூசிகள் பொதுவாகத் தவிர்க்கப்படுகின்றன.

காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் இரவானாலும் மருத்துவமனையை அழையுங்கள். பிரெட்னிசோலோன் காய்ச்சலை மறைத்துவிடக் கூடுமாதலால், வெப்பமானி குறைவாகவே காட்டினாலும் குளிர்நடுக்கமோ மூச்சுத்திணறலோ இருந்தால் காத்திருக்க வேண்டாம்.