பழைய குதிரைப்படை கோல்ட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் டெக்சஸில் ஒரு துப்பாக்கிக் கண்காட்சி. நம்ம ஊர்ப் பையன் ஒருவன் பழைய கோல்ட் ரிவால்வர் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் கிசுகிசுத்தான்: “அண்ணா, இதுல நம்பர் எதுவுமே ஒத்துப்போகல. குழலையும் யாரோ வெட்டியிருக்காங்க. அடிச்சுப் பேசி வாங்கி, நீளமா வேற குழல் போட்டா சரியாயிடும்ல?”

எனக்கு வயிற்றைக் கலக்கியது. பதினைந்து வருடத்துக்கு முன் நான் பேசிய அதே வசனம்.

குண்டு இருக்கிறதா என்று பார்க்காமல் கையில் எடுப்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அதைச் சொல்லித்தர வேண்டிய ஆள் இதை வாங்கவே கூடாது.

குட்டைக் குழலைக் குறை என்று நினைப்பது

1873இல் அமெரிக்க ராணுவம் இந்த .45 ரிவால்வரைத் தன் குதிரைப்படைக்கு எடுத்துக்கொண்டது. ஹார்ட்ஃபோர்டில் கோல்ட் நிறுவனம் செய்தது, குழல் 7½ அங்குலம். 1891 வரை ஏறத்தாழ 37,000 ராணுவத்துக்குப் போயின. அப்புறம் .38 ரிவால்வர் வந்தது, பழசெல்லாம் கிடங்கில் முடங்கியது.

1890களின் நடுவில் ராணுவமே அவற்றை வெளியே எடுத்து, குழலில் 2 அங்குலத்தை வெட்டி 5½ ஆக்கியது. வண்டி வண்டியாகக் கழற்றி, பாகங்களைச் சீர்செய்து, கைக்கு வந்ததை எடுத்துப் பூட்டினார்கள். முதலில் ஒரு துப்பாக்கியின் பாகங்களில் எல்லாம் ஒரே வரிசை எண்தான் இருந்தது. ஆனால் எந்தச் சட்டத்துக்கு (துப்பாக்கியின் உடல்பகுதி, ஃபிரேம்) எந்த சிலிண்டர் என்று யாரும் பார்க்கவில்லை. அதனால்தான் சட்டத்தில் ஓர் எண், டிரிகர் கார்டில் இன்னோர் எண், பிடியின் பின்பட்டையில் வேறோர் எண். சேகரிப்பவர்கள் இதை ‘ஆர்ட்டிலரி’ (பீரங்கிப்படை) மாடல் என்பார்கள். 1898 ஸ்பெயின் போருக்கும், பிறகு பிலிப்பைன்ஸுக்கும் போனவை இவை. எண் கலந்திருப்பதும் குழல் குட்டையாக இருப்பதும் இதற்குப் பழுதில்லை, அதுதான் இதன் அடையாளமே.

இது தெரியாமல் நான் ஒன்றை வாங்கினேன். ‘வெட்டின குழல்’ என்று சொல்லி விலையைக் குறைத்ததில் ஏகப்பட்ட பெருமை வேறு. நேராக ஒரு பட்டறைக்குக் கொண்டுபோய் புதிதாக 7½ அங்குலக் குழல் போட்டேன். பழசாகத் தெரிகிறதே என்று வால்நட் பிடியை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கச் சொன்னேன். அதில் ஆர்.ஏ.சி. என்ற முத்திரை இருந்தது: சீர்செய்த துப்பாக்கிகளைச் சோதித்த ரினால்டோ ஏ. கார் என்பவரின் முதலெழுத்துகள். தேய்ந்து போனது. “பழைய குழல் வேணுமா?” என்று பட்டறைக்காரர் கேட்டார். தூக்கிப் போடுங்கள் என்றேன்.

ஒரு வருடம் கழித்து மூத்த சேகரிப்பாளர் ஒருவரிடம் காட்டினேன். பிடியைத் திருப்பிப் பார்த்தார். காலித் தோட்டாவை வெளியே தள்ளும் கம்பி இருக்கும் எஜெக்டர் குழாயைக் கழற்றி, குழலின் அடியில் பார்த்தார், எண் இல்லை. பழைய குழல் எங்கே என்று கேட்டார். சொன்னேன். பதில் பேசாமல் துணியில் வைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. கடைசியில், போட்ட காசில் பாதிக்கும் கீழே தள்ளிவிட்டேன்.

சரி, ராணுவம் வெட்டியதா, எவனோ வீட்டில் அறுத்ததா என்று எப்படிப் பார்ப்பது? குழலின் மேலே கோல்ட் நிறுவனத்தின் முகவரி வரி இருக்கும். அது 7½ அங்குலக் குழலின் நடுவில் பொறித்தது. முனையில் 2 அங்குலம் போனதும் வரி முனைப் பக்கமாக ஒதுங்கித் தெரியும். ஆரம்பத்திலேயே 5½ அங்குலமாகச் செய்து கடையில் விற்றதில் வரி நடுவில் உட்கார்ந்திருக்கும். அதோடு முன் குறிமுள்ளை எவ்வளவு சுத்தமாகப் பதித்திருக்கிறார்கள் என்றும் பாருங்கள்.

நீளக் குழல், எல்லா எண்ணும் ஒன்று என்று யாராவது நீட்டினால் இரட்டிப்பு சந்தேகம் வேண்டும். அப்படி நிஜமாகவே தப்பியவை உண்டு, ஆனால் குறைவு. என்னைப் போன்ற ஒருவன் ஏற்கெனவே கை வைத்ததாக இருக்கலாம்.

துலக்குவது

குத்துவிளக்கா இது, புளி போட்டுத் தேய்க்க? வேண்டாம்.

வீட்டு ஸ்க்ரூடிரைவர்

அதன் நுனி ஆப்பு மாதிரி சரிந்திருக்கும். திருகும்போது வழுக்கி, ஸ்க்ரூவின் வெட்டை நாசமாக்கும். பக்கங்கள் நேராக இருக்கும், வெட்டுக்குச் சரியாகப் பொருந்தும் நுனி வேண்டும். இல்லையென்றால் கழற்றாதீர்கள்.

கஸ்டர் கதை

1876 ஜூன் 25, லிட்டில் பிக்ஹார்ன்: அமெரிக்கத் தளபதி கஸ்டர் பூர்வகுடிகளிடம் தோற்று உயிரிழந்த போர். கஸ்டரின் 7ஆம் குதிரைப்படையிடம் இந்த ரிவால்வர்தான் இருந்தது, அது உண்மை. ஆனால் விற்கிறவரின் கொள்ளுத்தாத்தா அதைப் போர்க்களத்திலிருந்து பொறுக்கி வந்தார் என்பதற்கு, எண்ணைக் குறிப்பிடும் பழைய காகிதம் இருக்கிறதா என்று கேளுங்கள். நான் கேட்டபோதெல்லாம் காகிதம் வந்ததில்லை, இன்னொரு கதைதான் வந்தது.

சுட்டுப் பார்ப்பது

ராணுவத்துக்குப் போனவை எல்லாமே கரிமருந்துக் காலத்தவை. இன்றைய புகையில்லாத் தோட்டாவின் அழுத்தத்துக்காகச் செய்தவை இல்லை, அதைப் போடக் கூடாது.

அந்தப் பையனிடம் வருகிறேன். விற்பவரிடம் கேட்டு, என் பையிலிருந்த ஸ்க்ரூடிரைவரால் எஜெக்டர் குழாயைக் கழற்றினேன். குழலின் அடியில் எண் இருந்தது, சட்டத்தில் இருந்ததற்குச் சம்பந்தமே இல்லாத எண். மேலே முகவரி வரி முனைப் பக்கம் ஒதுங்கியிருந்தது. பிடியில் ஆர்.ஏ.சி. மங்கலாகத் தெரிந்தது. பையன் முகம் தொங்கிப்போயிற்று.

“பேரம் பேசாத, எடுத்துக்கோ” என்றேன்.