அடியில் கிறுக்கியது யார்?

அப்பத்தாவின் தகரப்பெட்டியில் ஒரு போஸ்ட்கார்டு கிடைத்தது. அடியில் கொக்கி மாதிரி ஒரு கிறுக்கல், அதன் கீழே இரண்டு புள்ளி. ‘வ’ என்று நானாக முடிவு கட்டி, சொந்தத்தில் இருக்கிற ‘வ’க்களையெல்லாம் இரண்டு மாதம் விசாரித்துத் திரிந்தேன். நீங்கள் அப்படி அலைய வேண்டாம். கையெழுத்தைக் கடைசியில் பாருங்கள்.

முதலில் தேதி. கார்டின் தலைப்பில் ‘ஜய௵ ஆடி௴ 9௳’ என்று இருந்தது. ௵ வருஷம், ௴ மாதம், ௳ தேதி. ஜய வருஷம் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வரும்: 1894 இல்லையென்றால் 1954. 1894 என்றால் விக்டோரியா ராணியின் தலை அச்சாகியிருக்கும், இதில் இல்லை. தமிழ் வருஷம் போடாத கடிதத்தில் காசைப் பாருங்கள். நயா பைசா 1957 ஏப்ரலில்தான் வந்தது. பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது. முத்திரை மங்கலாக இருந்தால் செல்போனில் படமெடுத்து கான்ட்ராஸ்ட்டை ஏற்றுங்கள், பாதி ஊர்ப்பெயராவது தேறும்.

அடுத்தது உறவுமுறை. இதை நிதானமாகப் படிக்க வேண்டும். ‘சிரஞ்சீவி மாப்பிள்ளைக்கு’ என்று தாத்தாவுக்கு எழுதியிருந்தார். ஆகவே வயதில் மூத்தவர். முடிவில் ‘அம்மானுக்கு நமஸ்காரம்’. எங்கள் பக்கம் அம்மான் என்றால் தாய்மாமன். அப்போது அந்த வீட்டில் இருந்த பெரியவர் தாத்தாவின் அப்பா ஒருவர்தான். அவர் இவருக்குத் தாய்மாமன் என்றால், எழுதியவர் தாத்தாவின் அத்தை மகன். அத்தை மகன்கள் மொத்தம் நாலு பேர்.

இனி எழுத்து. கடிதமும் கையெழுத்தும் ஒரே கைதானா என்று பாருங்கள். எழுத வராதவர்கள் ஆள் வைத்து எழுதச்சொல்லி, கையெழுத்தை மட்டும் போடுவார்கள். ஒரே கை என்றால் கடிதத்துக்குள் அதே சுழியைத் தேடுங்கள். என் கார்டில் ‘இங்கு மழை இல்லை’ என்ற வரியில் அதே கொக்கி. நான் ‘வ’ என்று நினைத்தது ‘ம’!

ஒப்பிட்டுப் பார்க்க வீட்டு மூலப்பத்திரத்தை எடுங்கள். சாட்சிக் கையெழுத்தோடு பெயர், தகப்பன் பெயர், ஊர் எல்லாம் இருக்கும். மொய் நோட்டில் பெயர் கிடைக்கும், ஆனால் அது கணக்கு எழுதியவர் கை. சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய பத்திரத்துக்கு நகல் வாங்கினாலும் அப்படித்தான். அந்தக் காலத்தில் பதிவேட்டில் கையால் பார்த்தெழுதி வைத்ததுதான் நகலாக வரும். அசல்தான் வேண்டும்.

எங்கள் வீட்டுக் கிரயப் பத்திரத்தின் கடைசித் தாளில் இரண்டாவது சாட்சி: அதே கொக்கி, கீழே இரண்டு புள்ளி. பக்கத்தில் பத்திரம் எழுதியவர் முத்து முத்தாகப் பெயரை எழுதிவைத்திருந்தார்.