வெள்ளி முலாம் பூசிய பழைய மேசைப் பாத்திரங்கள்: மதிப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய ஐரோப்பிய மேசைப் பாத்திரம் ஒன்றைக் கையில் எடுத்ததும் எவரும் திருப்பிப் பார்ப்பது அதன் முத்திரையைத்தான். பெரும்பாலான தவறுகளும் அங்கேதான் தொடங்குகின்றன. ஜெர்மானிய முள்கரண்டியின் காம்பில் ‘90’ என்று இருந்தால், அதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி இருப்பதாகப் பலர் எண்ணிவிடுகிறார்கள். பன்னிரண்டு கரண்டிகளும் பன்னிரண்டு முள்கரண்டிகளும் சேர்ந்த தொகுதி முழுவதன் மேலும் படிந்துள்ள வெள்ளி 90 கிராம் என்பதே அதன் பொருள். ஒன்றுக்கு நான்கு கிராம்கூட வராது. ‘84’ இன்னும் குழப்பமானது. பழைய ரஷ்யப் பாத்திரத்தில் அது ஆயிரத்துக்கு 875 பங்கு தூய்மையுள்ள அசல் வெள்ளியைக் குறிக்கும். பாரிஸின் கிறிஸ்டோஃப்ல் நிறுவனம் செய்த முலாம் கரண்டியிலோ அதே எண் முலாமின் கிராம் கணக்கு. ஆகவே நாட்டையும் தயாரிப்பாளரையும் அறியாமல் எண்ணை மட்டும் படிக்கக் கூடாது.

ஆங்கிலேயப் பாத்திரங்களில் ஈ.பி.என்.எஸ். என்னும் நான்கு எழுத்துகளைத் தனித்தனிக் கட்டங்களில், அசல் வெள்ளியின் ஹால்மார்க் போலத் தோன்றும்படி பொறித்திருப்பார்கள். நிக்கல் சில்வரின் மேல் மின்முலாம் பூசப்பட்டது என்பதே அதன் விரிவு. நம் கடைகளில் ஜெர்மன் சில்வர் என்று விற்கப்படும் அந்த உலோகம் செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்தது. அதில் வெள்ளி துளியும் இல்லை. இங்கிலாந்தில் ஸ்டெர்லிங் எனப்படும் தரமான அசல் வெள்ளிக்கு அடையாளம், நடக்கும் சிங்க முத்திரை.

காந்தம் ஒட்டவில்லை என்பதும் சான்றாகாது. வெள்ளியைப் போலவே செம்பிலும் சாதாரண நிக்கல் சில்வரிலும் காந்தம் ஒட்டாது. மேற்பரப்பை உரைகல்லில் லேசாக உரைத்தாலோ முலாம் வெள்ளியென்றே காட்டும், பாத்திரத்தில் கீறலும் விழும்.

நிலையை அறிய, கரண்டிக் குழியின் அடிப்புறம், முள்களின் நுனி, தட்டின் விளிம்பு ஆகிய உராயும் இடங்களைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். அங்கே செந்நிறம் தெரிந்தால் அடியில் செம்பு. மஞ்சள் சாயல் படிந்த சாம்பல் நிறமானால் நிக்கல் சில்வர். கறுத்திருப்பது குறையன்று, அது நீங்கக்கூடிய வெள்ளி சல்பைடு. முலாம் தேய்ந்து போனதுதான் இழப்பு. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதி, மதிப்பிடும் முன்பே பற்பசையாலோ சாம்பலாலோ தேய்த்துவிடுவதைப்போல் வருத்தம் தரும் தவறு வேறில்லை. எஞ்சியிருந்த மெல்லிய படலமும் அத்தோடு போய்விடும்.

மறுமுலாம் பூசினால் விலை கூடும் என்பதும் எப்போதும் உண்மையன்று. 1840-இல் பர்மிங்காமின் எல்கிங்டன் நிறுவனம் மின்முலாமுக்குக் காப்புரிமை பெறுவதற்கு முன், ஷெஃபீல்டு நகரில் வெள்ளித் தகட்டையும் செம்பையும் சூடாக்கி இணைத்து உருட்டிப் பாத்திரம் செய்தார்கள். அந்தப் பழைய ஷெஃபீல்டு பாத்திரத்தில் செம்பு சற்றே எட்டிப் பார்ப்பதைச் சேகரிப்போர் விரும்பியே ஏற்கிறார்கள். அதன்மேல் மின்முலாம் ஏற்றினால் மதிப்புக் குறையும். சாதாரண ஈ.பி.என்.எஸ். கரண்டிக்கோ, மறுமுலாமின் கூலியே அதன் விலையைத் தாண்டிவிடக்கூடும்.

எடை போட்டு அன்றைய வெள்ளி விலையால் பெருக்குவது முற்றிலும் பொருந்தாத கணக்கு. தொகுதி குறைவின்றி இருக்கிறதா, தயாரிப்பாளர் யார், வடிவம் எத்தகையது, பொறித்த எழுத்துகளைத் தேய்த்து அழித்ததால் அவ்விடம் மெலிந்துள்ளதா என்பவையே விலையைத் தீர்மானிக்கின்றன. கத்திகளைத் தனியே ஆட்டிப் பாருங்கள்: உள்ளீடற்ற கைப்பிடிக்குள் நிரப்பிய பிசின் வெந்நீரில் இளகியிருந்தால், அலகு ஆடும்.