லினக்ஸ் போடும் முன்: டி டிரைவை நம்பாதீர்கள்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்ததிலிருந்து, பழைய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு போட்டுத் தரச் சொல்லி வருகிறவர்கள் அதிகம். சிலர் தாங்களே போட்டுப் பார்த்துவிட்டு வருகிறார்கள். வந்து நிற்கிற விதத்திலேயே தெரிந்துவிடும், நான் பதினைந்து வருடத்துக்கு முன் செய்த அதே வேலை.

உபுண்டுவா மின்ட்டா என்று ஒரு மாதம் யோசிப்பது

மின்ட்டும் ஒரு லினக்ஸ் வகைதான், இரண்டிலும் கர்னல், அதாவது உள்ளே ஓடும் மையப் பகுதி, லினக்ஸ்தான். ஏதோ ஒன்றைப் போடுங்கள்.

டி டிரைவில் பேக்கப்

போன மாதம் ஒரு தம்பி, "எல்லாத்தையும் டி-ல காப்பி பண்ணிட்டேன்ணா" என்றான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. சி-யை ஃபார்மட் அடித்தாலும் டி பத்திரம் என்று நாம் பழகிவிட்டோம், விண்டோஸையே மறுபடி போடுவதாக இருந்தால் அது சரியும்கூட. ஆனால் சி, டி என்பவை விண்டோஸ் வைத்த பெயர்கள். லினக்ஸுக்குத் தெரிவது ஒரே டிஸ்க், அதில் எஸ்டிஏ1, எஸ்டிஏ2 என்று சில பார்ட்டிஷன்கள், அதாவது பிரிவுகள். டிஸ்க்கை அழித்துவிட்டு நிறுவவா என்று இன்ஸ்டாலர் கேட்டால் டி-யும் சேர்த்துத்தான் கேட்கிறது.

நானும் டி இருக்கிற தெம்பில் சரி என்று அழுத்தியவன்தான். அக்கா கல்யாண போட்டோ முழுக்க அதில் இருந்தது. இரண்டு ராத்திரி ரெகவரி சாஃப்ட்வேர் ஓட்டி மீட்ட படங்களில் பாதிக்கு, மேலே தலைகள் இருக்கும், கழுத்துக்குக் கீழே சாம்பல் பட்டை. எரிச்சல் என்னவென்றால், எழுதுவதற்கு முன் எதெல்லாம் மாறப்போகிறது என்று இன்ஸ்டாலர் ஒரு பட்டியல் காட்டுகிறது, அதை ஒருவரும் படிப்பதில்லை, நானும் படிக்கவில்லை.

வெளி ஹார்டு டிஸ்க்கில் காப்பி எடுங்கள். எடுத்ததும் அதைக் கழற்றி அலமாரியில் வையுங்கள், செருகியே இருந்தால் இன்ஸ்டாலர் அதையும் சேர்த்துக் காட்டும், அவசரத்தில் அதையே தேர்ந்தெடுத்தவரையும் பார்த்திருக்கிறேன்.

ஷட் டவுன் செய்துவிட்டதாக நினைப்பது

விண்டோஸ் 8-லிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வந்துவிட்டது. ஷட் டவுன் கொடுத்தாலும் கர்னலின் நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டுத்தான் தூங்கப் போகும். விண்டோஸையும் வைத்துக்கொண்டு பக்கத்தில் லினக்ஸ் போட்டால், விண்டோஸ் பார்ட்டிஷனில் எதுவும் எழுத முடியாமல் முழிப்பீர்கள். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய் அதை அணைத்துவிடுங்கள்.

பிட்லாக்கர்

இது டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. பயாஸில், அதாவது கணினியின் அடிப்படை அமைப்புகளில், எதையாவது மாற்றினால் பூட்டைத் திறக்க ரெகவரி கீயைக் கேட்கலாம். அந்தக் கீயைக் காகிதத்தில் எழுதாமல் பயாஸில் கை வைக்காதீர்கள்.