விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில்: பூட் ஆகாமல் நின்றால் எங்கிருந்து தொடங்குவது?

நேற்றுவரை ஒழுங்காக ஓடிய கணினி. ஆன் செய்ததும் எந்த ஓஎஸ் வேண்டும் என்று மெனு கேட்கும், ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு நம் வேலையைப் பார்ப்போம். இன்று மெனுவே வரவில்லை, நேரே விண்டோஸ் திறக்கிறது. இல்லையென்றால் கருப்புத் திரையில் ‘கிரப் ரெஸ்க்யூ’ என்று எழுதிவிட்டுக் கர்சர் மட்டும் கண்சிமிட்டிக்கொண்டு நிற்கிறது. முதல் தடவை பார்ப்பவர்களுக்கு வயிற்றைக் கலக்கும், எல்லா ஃபைலும் போச்சு என்றுதான் தோன்றும். பெரும்பாலும் ஒன்றும் போயிருக்காது. உங்கள் ஃபைல்கள் இருந்த இடத்தில் அப்படியே இருக்கும், அங்கே போக வழிகாட்டும் ‘கிரப்’ என்ற சின்ன நிரல்தான் தொலைந்திருக்கும் அல்லது வரிசையில் பின்னால் போயிருக்கும். ஃபார்மட் செய்து மறுபடி இன்ஸ்டால் பண்ணும் எண்ணத்தை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள்.

எனக்கு முதல்முறை இது நடந்தபோது, ஏதோ ஒரு வீடியோவில் பார்த்த கட்டளைகளை வரிசையாகத் தட்டிக்கொண்டே போனேன். ‘பூட்ரெக் /ஃபிக்ஸ்எம்பிஆர்’ என்று கொடுத்ததும் வெற்றி என்று வந்தது, ரீஸ்டார்ட் செய்தால் பழைய கதைதான். ராத்திரி இரண்டு மணிவரை இப்படியே போனது. கடைசியில் பார்த்தால், பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரையில்) ஒரு பெயரை மேலே நகர்த்தியிருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும். நான் தட்டிய கட்டளை பழைய வகைக் கணினிக்கானது, என்னுடையது புதிய வகை. அதனால் கட்டளையைத் தொடுவதற்கு முன்னால், கணினி எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள்.

ஆன் செய்ததும் என்ன நடக்கிறது

கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் வந்த கணினிகள் ஏறக்குறைய எல்லாமே யூஇஎஃப்ஐ வகை. இதில் மதர்போர்டே ஒரு பெயர்ப் பட்டியலை நினைவில் வைத்திருக்கும். ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’, ‘உபுண்டு’ என்றெல்லாம் அதில் பெயர்கள் இருக்கும். அந்தப் பெயர்கள் சுட்டும் ஃபைல்கள், ஹார்ட் டிஸ்கில் இஎஃப்ஐ பார்ட்டிஷன் என்ற ஒரு குட்டிப் பகுதியில் இருக்கின்றன. இது ஃபேட்32 வகை, விண்டோஸ் 10 தானாக உருவாக்கினால் பொதுவாக 100 எம்பிதான். அதற்குள் மைக்ரோசாஃப்டுக்கு ஒரு ஃபோல்டர், உபுண்டுவுக்கு ஒரு ஃபோல்டர், சண்டையே இல்லை. பட்டியலில் யார் முதலில் இருக்கிறார்களோ அவரை மதர்போர்டு எழுப்பும். உபுண்டு முதலில் இருந்தால் கிரப் எழுந்து, லினக்ஸ் பார்ட்டிஷனில் இருக்கும் தன் அமைப்பு ஃபைலைப் படித்து, நமக்கு மெனுவைக் காட்டும்.

பழைய வகையில் இந்தப் பட்டியல் கிடையாது. டிஸ்கின் முதல் 512 பைட்தான் எம்பிஆர், அதில் பூட் நிரலுக்கு 446 பைட் இடம், ஒரே ஒருவர்தான் குடியிருக்க முடியும். லினக்ஸ் இருக்கும் பழைய கணினியில் அப்புறமாக விண்டோஸ் போட்டால் அது கிரப்பைத் துரத்திவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்வது இதனால்தான். புதிய வகையில் துரத்தாது, வரிசையில் முந்திக்கொள்ளும், அவ்வளவுதான்.

உங்களுடையது எந்த வகை? விண்டோஸ் திறக்கிறது என்றால் விண்டோஸ் கீயையும் ‘ஆர்’ கீயையும் சேர்த்து அழுத்தி ‘எம்எஸ்இன்ஃபோ32’ என்று தட்டுங்கள், ‘பயாஸ் மோட்’ என்ற வரியில் யூஇஎஃப்ஐ என்றோ லெகசி (பழைய வகை) என்றோ இருக்கும். லினக்ஸ் திறக்கிறது என்றால் ‘/சிஸ்/ஃபர்ம்வேர்/இஎஃப்ஐ’ என்ற ஃபோல்டர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் யூஇஎஃப்ஐ. (கட்டளைகளையும் ஃபைல் பெயர்களையும் தமிழில் எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்தில், வேறு மாதிரி சொல்லாத இடங்களில் எல்லாம் சின்ன எழுத்தில் தட்டுங்கள்.)

எதையும் தொடும் முன்னால்

விண்டோஸில் டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரோ டிவைஸ் என்கிரிப்ஷனோ ஆன் ஆகியிருந்தால், பயாஸில் சின்ன மாற்றம் செய்தாலும் அடுத்த முறை 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டு நிற்கலாம். நான் ஆன் செய்யவே இல்லையே என்று சொல்லாதீர்கள், புதிய விண்டோஸ் 11 பல கணினிகளில் தானாகவே ஆன் செய்துவிடுகிறது. வேறு ஒரு கணினியிலோ மொபைலிலோ உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அந்த எண்ணைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். இதைத் தாண்டிப் போகாதீர்கள். பூட் பிரச்சினையில் டேட்டா போவது அபூர்வம், இந்தக் கீ இல்லாமல் மாட்டிக்கொண்டால் விண்டோஸ் பக்கத்து டேட்டாவை மீட்க வழியே இல்லை.

மெனு வராமல் நேரே விண்டோஸ் திறந்தால்

அதிகம் நடப்பது இதுதான், சரிசெய்யச் சுலபமானதும் இதுதான். பெரிய விண்டோஸ் அப்டேட்டுக்கு அடுத்த நாள் காலையில் இப்படி ஆகியிருக்கும்.

1. விண்டோஸில் ஷிஃப்ட் கீயை அழுத்திப் பிடித்துக்கொண்டே ரீஸ்டார்ட்டைச் சொடுக்குங்கள். நீலத் திரையில் ‘யூஸ் எ டிவைஸ்’ என்று ஒன்று வரும், அதற்குள் ‘உபுண்டு’ (அல்லது உங்கள் லினக்ஸின் பெயர்) இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். லினக்ஸ் திறந்துவிட்டால் நிம்மதி, எதுவும் கெடவில்லை, வரிசை மட்டும்தான் மாறியிருக்கிறது.

2. வரிசையை நிரந்தரமாக மாற்ற, ரீஸ்டார்ட் செய்து பயாஸ் அமைப்புக்குள் போங்கள். கணினிக்குக் கணினி கீ மாறும்: எஃப்2, எஃப்10, டெலீட், எஸ்கேப் ஆகியவற்றில் ஒன்றாக இருக்கும். லோகோ வரும் முன்பே தட்டத் தொடங்குங்கள், ஒரு தடவை அழுத்திவிட்டுக் காத்திருந்தால் தவறவிடுவீர்கள். ‘பூட்’ பக்கத்தில் உபுண்டுவை விண்டோஸ் பூட் மேனேஜருக்கு மேலே நகர்த்தி, சேவ் செய்து வெளியே வாருங்கள்.

முதல் படியில் சொன்ன ‘யூஸ் எ டிவைஸ்’ சில கணினிகளில் வராது. அப்படியானால் ஆன் செய்யும்போதே பூட் மெனு கீயைத் தட்டிப் பாருங்கள், பல லேப்டாப்களில் அது எஃப்12 அல்லது எஃப்9. அங்கேயும் லினக்ஸ் பெயரைக் காணோம் என்றால் பட்டியலிலிருந்தே அது அழிந்துவிட்டது, கீழே பூட் ரிப்பேர் பகுதிக்குப் போங்கள்.

மெனு வருகிறது, விண்டோஸைக் காணோம்

கிரப் 2.06 பதிப்பு 2021இல் வந்தது. அதிலிருந்து மற்ற ஓஎஸ்களைத் தேடும் ‘ஓஎஸ்-புரோபர்’ என்ற கருவியைப் பாதுகாப்புக் காரணம் சொல்லி இயல்பாகவே அணைத்துவிட்டார்கள். விண்டோஸ் நன்றாகத்தான் இருக்கும், கிரப் தேடாமல் விட்டிருக்கும். ‘/இடிசி/டிஃபால்ட்/கிரப்’ என்ற ஃபைலை அட்மின் உரிமையோடு திறந்து, ‘கிரப்_டிஸேபிள்_ஓஎஸ்_புரோபர்=ஃபால்ஸ்’ என்ற வரி இருக்கிறதா பாருங்கள். சமமென்ற குறிக்கு முந்தைய பகுதி முழுக்கப் பெரிய எழுத்து, நடுவில் அடிக்கோடு. பல பதிப்புகளில் அந்த வரி முன்னால் # குறியோடு ஏற்கெனவே இருக்கும், # குறியை எடுத்தால் போதும். இல்லையென்றால் கடைசியில் நீங்களே சேர்த்துவிடுங்கள். அப்புறம் உபுண்டு, மின்ட், டெபியனில் டெர்மினலைத் திறந்து ‘சூடோ அப்டேட்-கிரப்’. ஓடும்போதே விண்டோஸ் பூட் மேனேஜரைக் கண்டுபிடித்தேன் என்று ஒரு வரி வரும்.

வரவில்லையா? விண்டோஸை லெகசி முறையிலும் லினக்ஸை யூஇஎஃப்ஐ முறையிலும் (அல்லது மாற்றி) நிறுவியிருக்கிறீர்களா என்று பாருங்கள். இந்த இரண்டையும் ஒரே கிரப் மெனுவில் சேர்க்க முடியாது, எத்தனை தடவை அப்டேட் கொடுத்தாலும் வராது.

கிரப் ரெஸ்க்யூ: கருப்புத் திரை

கிரப் எழுந்துவிட்டது, ஆனால் தன் மற்ற ஃபைல்கள் இருந்த பார்ட்டிஷனைக் காணாமல் தவிக்கிறது. இந்தத் திரைக்கு அதுதான் அர்த்தம். விண்டோஸில் உட்கார்ந்து லினக்ஸ் பார்ட்டிஷனை அழித்திருந்தாலோ, புதிய பார்ட்டிஷன் போட்டதில் எண்கள் மாறியிருந்தாலோ இது வரும். லினக்ஸ் வேண்டாம் என்று நீங்களேதான் அழித்தீர்கள் என்றால், யூஇஎஃப்ஐ கணினியில் பயாஸுக்குப் போய் விண்டோஸ் பூட் மேனேஜரை முதலில் வைத்தால் கதை முடிந்தது.

லினக்ஸ் இருக்கிறது, வேண்டும் என்பவர்கள் ‘எல்எஸ்’ என்று தட்டுங்கள். (எச்டி0,ஜிபிடி1), (எச்டி0,ஜிபிடி2) என்று வரிசையாக வரும். ஒவ்வொன்றாக ‘எல்எஸ் (எச்டி0,ஜிபிடி5)/’ என்ற பாணியில் கேட்டுப் பாருங்கள், கடைசி சாய்கோட்டை மறக்காதீர்கள். தெரியாத ஃபைல் சிஸ்டம் என்று வந்தால் அடுத்ததற்குப் போங்கள். பூட், இடிசி, ஹோம், யூஎஸ்ஆர் என்று பெயர்கள் வந்தால் அதுதான் உங்கள் லினக்ஸ். 5 என்பது என் உதாரணம், உங்கள் எண்ணைப் போட்டு இந்த நான்கையும் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள்:

செட் ரூட்=(எச்டி0,ஜிபிடி5)
செட் பிரிஃபிக்ஸ்=(எச்டி0,ஜிபிடி5)/பூட்/கிரப்
இன்ஸ்மாட் நார்மல்
நார்மல்

மெனு வந்துவிடும். திரையில் ‘ரெஸ்க்யூ’ இல்லாமல் வெறும் ‘கிரப்>’ மட்டும் இருந்தால் இன்னும் சுலபம், ‘கான்ஃபிக்ஃபைல் (எச்டி0,ஜிபிடி5)/பூட்/கிரப்/கிரப்.சிஎஃப்ஜி’ என்ற ஒரே வரி போதும். இது அந்த ஒரு தடவைக்கு மட்டும்தான். லினக்ஸ் திறந்ததும் டெர்மினலில் ‘சூடோ கிரப்-இன்ஸ்டால்’, அப்புறம் ‘சூடோ அப்டேட்-கிரப்’ கொடுத்தால்தான் நிலைக்கும். பழைய வகைக் கணினி என்றால் முதல் கட்டளையோடு ‘/டெவ்/எஸ்டிஏ’ என்று டிஸ்கின் பெயரையும் சேர்க்க வேண்டும், பின்னால் எண் போடக் கூடாது, ஏனென்றால் பார்ட்டிஷனில் எழுதாமல் டிஸ்கின் தலையில் எழுத வேண்டும்.

கட்டளையே வேண்டாம் என்பவர்களுக்கு: பூட் ரிப்பேர்

மேலே சொன்னதைப் படித்துத் தலை சுற்றினால் தப்பே இல்லை. வேறு கணினியில் லினக்ஸ் மின்ட்டை இறக்கி, ரூஃபஸ் அல்லது வென்டாய் வைத்து ஒரு பென்டிரைவில் ஏற்றுங்கள். மின்ட்டை நான் சொல்வதற்குக் காரணம், அதன் லைவ் பதிப்பிலேயே (நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே ஓடுவது) பூட் ரிப்பேர் இருக்கிறது, தனியாக நிறுவ வேண்டாம். கணினியின் லினக்ஸ் உபுண்டுவாக இருந்தாலும் இது வேலை செய்யும். பூட் மெனுவில் ஒரே பென்டிரைவ் சில சமயம் இரண்டு பெயரில் தெரியும், யூஇஎஃப்ஐ கணினி என்றால் முன்னால் யூஇஎஃப்ஐ என்று போட்டிருப்பதையே எடுங்கள். தவறானதை எடுத்தால் ரிப்பேரும் தவறான வகையில் நடக்கும், நானும் இதில் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன்.

திறந்ததும் ‘ரெக்கமெண்டட் ரிப்பேர்’ பொத்தானை அழுத்துங்கள், மற்ற விருப்பங்களை நோண்டாதீர்கள். அதே கருவி டிஸ்கின் நிலவரத்தை ஒரு அறிக்கையாகவும் எடுத்துத் தரும். யாரிடமாவது உதவி கேட்கப் போனால் ‘பூட் ஆகல’ என்று மட்டும் சொல்லாமல் அந்த அறிக்கையையும் கொடுங்கள், பாதி கேள்விகள் மிச்சம்.

எஸ்பிஏடி என்று பிழை வந்தால்

2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட், செக்யூர் பூட் (நம்பகமான பூட் நிரல்களை மட்டும் ஓடவிடும் வசதி) விதிகளை மாற்றியதில் பலருடைய லினக்ஸ் எழ மறுத்தது. ‘ஷிம் எஸ்பிஏடி’ சரிபார்ப்பு தோற்றது, ஏதோ பெரிய தவறு நடந்துவிட்டது என்று திரையில் வந்து கணினி அணைந்துவிடும். இந்தப் பிழை வந்தால் பயாஸில் செக்யூர் பூட்டை அணையுங்கள், லினக்ஸுக்குள் போய் ‘சூடோ மோக்யூடில் --செட்-எஸ்பிஏடி-பாலிசி டெலீட்’ கொடுங்கள், ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து மறுபடி லினக்ஸுக்குள்ளேயே வாருங்கள். அதற்கப்புறம்தான் செக்யூர் பூட்டைத் திரும்ப ஆன் செய்ய வேண்டும். லினக்ஸில் வரும் அப்டேட்களையும் போட்டுவிடுங்கள்.

விண்டோஸே எழவில்லை

லினக்ஸ் ஓடுகிறது, விண்டோஸைத் தேர்ந்தெடுத்தால் ‘பிசிடி’யை (விண்டோஸின் பூட் விவர ஃபைலை) காணோம் என்று நீலத் திரை. இதற்கு விண்டோஸ் நிறுவும் பென்டிரைவ் வேண்டும். அதில் பூட் செய்து, இன்ஸ்டாலைத் தொடாமல் ‘ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர்’ வழியாக ஸ்டார்ட்டப் ரிப்பேரை ஓடவிடுங்கள். பலிக்கவில்லை என்றால் அங்கேயே கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ‘பிசிடிபூட் சி:\விண்டோஸ்’. அந்தச் சூழலில் டிரைவ் எழுத்துகள் மாறியிருக்கலாம், அதனால் முதலில் ‘டிர் சி:’ கொடுத்து விண்டோஸ் ஃபோல்டர் அங்கேதான் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இது முடிந்ததும் விண்டோஸ் பட்டியலில் முதலிடத்துக்கு ஏறிவிடும், மெனு மறுபடி காணாமல் போகும். பயப்படாமல் மேலே சொன்னபடி வரிசையை மாற்றிவிடுங்கள்.

எல்லாம் திறந்தபின்

விண்டோஸ் 8இலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று ஒன்று இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணையாது, பாதித் தூக்கத்தில் இருக்கும். அந்த நேரத்தில் லினக்ஸிலிருந்து விண்டோஸ் டிரைவைத் திறந்தால் எழுத விடாது, படிக்க மட்டும் விடும், சில சமயம் திறக்கவே திறக்காது. கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதில் பவர் பொத்தான்கள் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கம், அங்கே இருக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் டிக்கை எடுத்துவிடுங்கள். பெரிய விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு அந்த டிக் திரும்பி வந்திருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள்.

லினக்ஸ் பென்டிரைவை அழித்து வேறு வேலைக்கு எடுக்காமல் ஒரு ஓரமாக வையுங்கள். அப்புறம், இரண்டு ஓஎஸ்ஸுக்கும் மாறி மாறிப் போகும்போது விண்டோஸில் கடிகாரம் தப்பாகக் காட்டினால் அது பூட் பிரச்சினை இல்லை. லினக்ஸ் உலகப் பொது நேரத்தை மதர்போர்டில் எழுதுகிறது, விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று நினைத்துப் படிக்கிறது. லினக்ஸில் ‘டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1’ கொடுத்தால் இரண்டும் ஒரே நேரத்தைக் காட்டும்.