தோரியம்-232 தரவை எங்கே எடுப்பது, எப்படிப் படிப்பது

தோரியம்-232 அணுக்கருவில் நியூட்ரான் மோதினால் எந்த வினை எவ்வளவு எளிதில் நடக்கும் என்று சொல்லும் தரவு வேண்டுமானால், வியன்னாவில் இருக்கும் சர்வதேச அணுசக்தி முகமையின் அணுத்தரவுப் பக்கத்துக்குப் போங்கள், எல்லாம் இலவசம். அங்கே இரண்டு வகைத் தரவு இருக்கிறது, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. எக்ஸ்ஃபோர் (EXFOR) என்பது ஆய்வகங்களில் அளந்த எண்களின் தொகுப்பு. அமெரிக்காவின் இஎன்டிஎஃப் (ENDF), ஜப்பானின் ஜென்டில் (JENDL) போன்றவை அந்த அளவீடுகளையும் கோட்பாட்டையும் சேர்த்து நிபுணர்கள் மதிப்பிட்டுத் தந்த நூலகங்கள்.

சரி, தோரியம்-232-ஐத் தேர்ந்தெடுத்து, வினை எண் 102-ஐக் கேளுங்கள், அதுதான் நியூட்ரானை விழுங்கிக் காமா கதிரை விடும் வினை (அணுப்பிளவுக்கு 18). வரைபடத்தின் இரண்டு அச்சுகளையும் மடக்கை அளவில் வையுங்கள், இல்லாவிட்டால் ஒன்றுமே புரியாது. நியூட்ரானின் ஆற்றல் 0.0253 எலக்ட்ரான் வோல்ட்டாக இருக்கும்போது சுமார் 7.4 பார்ன் வரும் (பார்ன் என்பது வினை நடக்கும் வாய்ப்பை அளக்கும் அலகு). அங்கிருந்து ஆற்றல் கூடக் கூட மதிப்பு மெல்ல இறங்கும், அப்புறம் 22 எலக்ட்ரான் வோல்ட் பக்கம் திடீரென்று செங்குத்தான முகடுகள் எழும், குறிப்பிட்ட சில ஆற்றல்களில் மட்டும் மதிப்பு எகிறும் இவைதான் ஒத்ததிர்வுகள், உலைக் கணக்கில் தலைவலி கொடுப்பவையும் இவைதான்.

இப்போது எக்ஸ்ஃபோர் புள்ளிகளை அதே வரைபடத்தில் ஏற்றுங்கள். புள்ளிகள் சிதறியிருக்கும் இடத்தில் நூலகத்தின் வழவழப்பான கோட்டை அப்படியே நம்பாதீர்கள், பிழை அளவைப் பாருங்கள், இன்னொரு நூலகத்தோடு ஒப்பிடுங்கள். எந்தப் பதிப்பு என்பதையும் கட்டாயம் குறித்து வையுங்கள், 2018-இல் வந்த இஎன்டிஎஃப்/பி-8.0-வும் அதற்கு முந்தையதும் ஒன்றல்ல.

அடுத்து, நியூட்ரானை விழுங்கிய தோரியம்-232 கடைசியில் மாறும் யுரேனியம்-233-ஐப் பாருங்கள். கல்பாக்கத்தின் காமினி ஆராய்ச்சி உலை அதில்தான் ஓடுகிறது.